பின்கட்டையில் ரம்பம் வைப்பதற்கு முன்

பெர்த்திலிருந்து மாமா மகன் அழைத்தபோது இரவு பதினொரு மணி. அங்கும் அதே பதினொன்றுதான்; நமக்கும் பெர்த்துக்கும் கடிகாரம் ஒன்று. "அத்தான், அப்பாவின் துப்பாக்கி என் பெயருக்கு மாறிவிட்டது. எனக்குக் கை எட்டவில்லை, தோளில் பதியும் பின்கட்டையில் ஓர் அங்குலம் அறுக்க வேண்டும். மேலே ஸ்கோப், அதான் குறிபார்க்கும் கண்ணாடி, மாட்டத் துளை போட வேண்டும். குழலையும் கொஞ்சம் குறைத்தால் தூக்க இலகுவாக இருக்கும். அம்மா எதற்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். நீங்கள் பேசுங்கள்" என்றான்.

மாமா காலமான பிறகு அத்தை சிங்கப்பூருக்கே திரும்பிவிட்டார். உட்லண்ட்ஸில் மகள் வீட்டில் இருக்கிறார். செம்பவாங்கில் என் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். என்னை ஏன் கூப்பிட்டான் என்பதும் தெரியும். தேசிய சேவையில் தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகள் ராணுவத்தில் ஆயுதங்களைப் பழுதுபார்த்தவன் நான். ஆஸ்திரேலியாவில் உறவினர் உள்ள குடும்பங்கள் நம்மிடையே நிறைய இருக்கின்றன. இதே போன்ற அழைப்பு உங்களுக்கும் வரலாம். வந்தால் எதை முதலில் பார்ப்பது, எதில் விட்டுக்கொடுப்பது, எதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பதை எழுதி வைக்கிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1996-ல் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் பலரைச் சுட்டுக் கொன்ற படுகொலைக்குப் பிறகு ஆஸ்திரேலியா முழுவதும் துப்பாக்கிச் சட்டங்கள் இறுகின. அப்பா உயிலில் எழுதி வைத்திருந்தாலும் துப்பாக்கி தானாகப் பிள்ளை கைக்கு வந்துவிடாது. வாரிசு உரிமம் எடுக்க வேண்டும், ஏற்கத்தக்க காரணம் காட்ட வேண்டும், துப்பாக்கி அவர் பெயரில் பதிவாக வேண்டும். அதுவரை அது உரிமம் உள்ள கடையிலோ போலீசாரிடமோ இருப்பதுதான் நல்லது. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால், குழலைத் தொடும் எந்த வேலையையும் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். வரிசை எண்ணைச் சுரண்டுவது குற்றம். சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு விதி இன்னும் எளிது: எதையும் இங்கே கொண்டுவரக் கூடாது. அனுமதியில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டுகள் சிறை. பிரம்படி 6-க்குக் குறையாது. மாமாவின் நினைவாக ஒரு வெற்றுத் தோட்டா உறையை எடுத்துக்கொள்ளலாமா என்று என் மனைவி கேட்டாள். அதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அத்தையை முதல் முறை பார்க்கப் போனபோது வெறுங்கையோடு போனேன். அது தவறு. "அதில் யாரும் கை வைக்கக் கூடாது" என்ற ஒரே வாக்கியத்தோடு பேச்சு முடிந்துவிட்டது. காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். எதில் கை வைக்கக் கூடாது என்று கேட்க எனக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அந்தத் துப்பாக்கியை நான் பார்த்ததே இல்லை. பஞ்சாயத்துப் பேசப் போகும் யாரும் முதலில் பொருளைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

மார்ச் மாதம் பெர்த்துக்குப் போனேன். மச்சான் எஃகுப் பெட்டியிலிருந்து அதை எடுத்து நீட்டியதும் நான் செய்த முதல் காரியம், தோட்டாப் பெட்டியைக் கழற்றி, போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிக் குழலின் பின்பக்கத்தை மூடும் எஃகுத் தண்டை, பின்னுக்கு இழுத்து, உள்ளே சுண்டுவிரலை விட்டுத் தடவியது. கண்ணால் பார்த்தால் போதாது, விரல் தொட வேண்டும். "காலியாகத்தான் இருக்கிறது" என்று யார் சொன்னாலும், சொன்னவர் சொந்தத் தம்பியே ஆனாலும், இதைச் செய்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

பிறகு முத்திரைகளைப் படியுங்கள். பின்கட்டை வந்து செருகும் எஃகு வளையத்தின் வலப்பக்கம் ஒரு கிரீடம், அதன் கீழே ஜி.ஆர். (ஜார்ஜ் மன்னரின் முத்திரை), லித்கோ, 1941 என்று இருந்தது. நியூ சவுத் வேல்ஸில் 1912-ல் திறந்த லித்கோ ஆயுதத் தொழிற்சாலையில் செய்த .303 லீ-என்ஃபீல்டு, பிரிட்டிஷ் வடிவமைப்பு ராணுவத் துப்பாக்கி. 1941-ல்தான் ஆஸ்திரேலியாவின் 8-வது டிவிஷன் படைகள் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் வந்தன. அவர்கள் தோளில் தொங்கியதும் இதே ரகம். கிராஞ்சி போர்க் கல்லறையில் அவர்கள் பெயர்களை நான் படித்திருக்கிறேன். மாமாவின் துப்பாக்கி இங்கே வந்த ஒன்றல்ல, வந்திருந்தால் 1942-ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த பிறகு திரும்பியிருக்காது.

அடுத்து எண்களை ஒப்பிடுங்கள். குழலில் ஓர் எண், போல்ட் கைப்பிடியில் ஓர் எண், முனையை மூடும் இரும்பு முகப்பில் ஓர் எண் இருக்கும். எல்லாம் ஒன்றாக இருந்தால், தொழிற்சாலையில் ஒன்றாகப் பிறந்த பாகங்கள் பிரியாமல் இருக்கின்றன என்று அர்த்தம். போருக்குப் பிறகு இவை மலிவாக விலைக்கு வந்தன. வாங்கியவர்கள் குழலை ஒட்டி ஓடும் முன்கட்டையை அறுத்து, குழலைக் குறைத்து வேட்டைக்கு ஏற்றதாக்கினார்கள். அதனால் அறுபடாத ஒன்று இன்று மதிப்புள்ளது. உங்கள் கையில் இருப்பது ஏற்கனவே அறுத்துத் துளை போட்ட துப்பாக்கி என்றால் இழப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. பிள்ளை விருப்பப்படி விட்டுவிடலாம் என்பதுதான் என் கருத்து. மாமாவுடையதில் மூன்று எண்களும் ஒன்றாகவே இருந்தன.

பின்கட்டையின் அடிப்பக்கம் பித்தளைத் தகடு. அதில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சின்னக் கதவு. நகத்தால் நெம்பித் திறந்தேன். உள்ளே பித்தளை எண்ணெய்க் குப்பி, குழலைத் துடைக்கும் கயிறு, அவற்றுக்குப் பின்னால் நான்காக மடித்த பச்சைப் பருத்தித் துணி. ஓரத்தில் மாம்பழ நிறக் கரையின் ஒரு துண்டு. ராணுவத்தில் இதற்குக் கொடுப்பது வெள்ளைத் துணி. இது புடவை. மச்சானுக்கு அப்படி ஒரு கதவு இருப்பதே தெரியாது.

அந்தத் துணியைப் படம் எடுத்துக்கொண்டு அத்தையிடம் இரண்டாம் முறை போனேன். இந்த முறை மச்சான் சொன்ன வேலைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாகக் கேட்டேன். மொத்தமாகக் கேட்டால் மொத்தமாக "வேண்டாம்" என்றுதான் வரும். வேண்டாம் என்பவர் மனதில் பெரும்பாலும் ஓர் இடம்தான் இருக்கும். அதைச் சுற்றி மற்ற எல்லாவற்றுக்கும் வேலி போட்டு வைத்திருப்பார். படத்தைப் பார்த்து அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. "என் சின்னாளப்பட்டிப் புடவை. கிழிந்த பிறகு வெட்டி வெட்டிக் கொடுப்பேன். வேட்டைக்குப் போய் வந்தால் குளிக்கக்கூட மாட்டார், பின்வாசல் படியில் உட்கார்ந்து அதைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்" என்றார். பிறகு, "கன்னம் வைக்கிற இடம் தேய்ந்து பளபளவென்று இருக்கும், பார்த்தாயா? அந்தக் கட்டையை அறுக்கச் சொல்கிறானே. மேலே கண்ணாடி மாட்டினால் எனக்கு என்ன?" என்றார்.

எனக்கு அப்பாவின் சுத்தியல் நினைவுக்கு வந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த காலத்துச் சுத்தியல். பிடி ஆடுகிறது என்று நான் புதுப் பிடி போட்டேன். பழைய பிடியில் அவர் பெருவிரல் அழுந்திய பள்ளம் இருந்தது. அதைக் குப்பையில் போட்டுவிட்டேன் என்று சொன்னபோது அம்மா குப்பைத் தொட்டியைத் தேடிக் கீழ்த்தளத்துக்குப் போனார். அது கிடைக்கவில்லை. முப்பது ஆண்டுகள் ஆகின்றன.

ஆனால் யார் வேண்டாம் என்றாலும் மீறிச் செய்ய வேண்டிய வேலைகளும் உண்டு. போல்ட் முகத்துக்கும் தோட்டாவின் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை ஒரு பழுதுபார்ப்பவர் அளவுகோல் வைத்துச் சோதிக்க வேண்டும். அது அதிகமாக இருந்தால் தோட்டா உறை பிளந்து சூடான வாயு சுடுபவர் முகத்தை நோக்கி வரலாம். வேறு துப்பாக்கியின் போல்ட்டை ஒருபோதும் மாற்றிப் போடாதீர்கள். லித்கோவில் மென்மையான ஆஸ்திரேலிய மரங்களைப் பயன்படுத்தியதால், உதை தாங்கும் இடத்தில் முன்கட்டைக்குள் செம்புத் தகடுகள் பதித்தார்கள். அவை தளர்ந்திருந்தாலோ மரம் வெடித்திருந்தாலோ சரிசெய்யாமல் சுடக் கூடாது. இவற்றை அத்தை தடுத்திருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன். உரிமமும் பொறுப்பும் பிள்ளை தலையில் இருக்கும்போது, அவன் முகம் பத்திரமாக இருக்க வேண்டும். அவர் தடுக்கவில்லை.

திரும்ப முடியாத வேலைகளில் அத்தையைவிட நான்தான் பிடிவாதமாக இருந்தேன். குழலை அறுத்தால் முனையில் உள்ள முன்குறியும் போய்விடும், முனையைப் புதிதாகக் கடைந்து சீராக்க வேண்டும், தோட்டாவின் வேகமும் குறையும். முன்கட்டையை அறுப்பது இன்னும் மோசம். இந்த ரகத்தில் முன்கட்டையின் நுனிக்கு அருகே ஒரு சின்ன வில் குழலை மேல்நோக்கித் தாங்கிக்கொண்டிருக்கிறது. குறி தவறாமல் விழுவதில் அதற்குப் பங்கு உண்டு. மரத்தை அறுத்தவன் அதையும் சேர்த்தே எறிந்துவிடுகிறான், பிறகு துப்பாக்கி சரியில்லை என்கிறான். எஃகு உடலில் துளை போட்டால் மூட வழியில்லை. அத்தை ஸ்கோப்புக்குச் சம்மதித்துவிட்டார் என்றதும் மச்சான் துளைபோடும் கடைக்கே போய்விட்டான். துளையில்லாமல், இருக்கும் திருகுகளையே பிடித்துக்கொள்ளும் தாங்கிகள் இந்த ரகத்துக்கு உண்டு. அதை வாங்கு என்றேன். துளை போட்ட தாங்கி அளவுக்கு உறுதி இல்லை என்றான். உண்மைதான், திருகுகளை அடிக்கடி சோதிக்க வேண்டியிருக்கும். அவன் போகும் பண்ணையில் காட்டுப்பன்றியைச் சுடுவது நூறு மீட்டருக்குள். அந்தத் தூரத்துக்கு இது தாராளமாகப் போதும்.

பின்கட்டைதான் மீதி. ரம்பத்தைத் தேடுபவர்களுக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு: இந்தத் துப்பாக்கிக்கு ராணுவமே பல அளவுகளில் பின்கட்டை செய்தது. சாதாரண அளவு, அதைவிட அரை அங்குலம் நீளமானது, அரை அங்குலம் குட்டையானது, ஓர் அங்குலம் குட்டையானது. கடைசி இரண்டிலும் பித்தளைத் தகட்டுக்கு அருகே எஸ், பி என்ற ஆங்கில எழுத்துகளைப் பொறித்திருப்பார்கள். மச்சானுக்கு வேண்டியது ஓர் அங்குலம். பழைய பாகங்கள் விற்பவரிடம் ‘பி’ கட்டை ஒன்றைத் தேடி வாங்கினான். அறுத்திருந்தால் அந்தப் பித்தளைத் தகடும் கதவும் பொருந்தாமல் போயிருக்கும். இப்போது மாமாவின் கட்டை அப்படியே இருக்கிறது, எந்த நாளும் திரும்ப மாட்டலாம்.

மாற்றும்போது ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. பித்தளைக் கதவு வழியே நீளமான திருப்புளியை விட்டால் உள்ளே பின்கட்டையை இறுக்கும் போல்ட்டின் தலை அகப்படும் (இது மரையாணி; தோட்டாவைத் தள்ளும் போல்ட் அல்ல). உடனே திருகாதீர்கள். அந்த போல்ட்டின் மறுமுனை சதுரமாக வெட்டப்பட்டு, முன்கட்டையின் பின்புறத்தில் ஒரு தகட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. போல்ட் திரும்பினால் சதுரமும் திரும்பி முன்கட்டையைப் பிளந்துவிடும். எனவே முதலில் முகப்பு, பட்டைகள், விசைக் காப்பு ஆகியவற்றைக் கழற்றி முன்கட்டையை எடுத்துவிடுங்கள். கழற்றும்போது பக்கவாட்டில் ஆட்டாமல் நேராகக் கீழே இறக்குங்கள். அதன் பிறகுதான் பின்கட்டையின் போல்ட். திரும்பக் கோக்கும்போது சதுரம் நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு முன்கட்டையை ஏற்றுங்கள். பெயர்பெற்ற கடையில்கூட இதைத் தெரியாதவர்கள் வேலை பார்க்கிறார்கள். கொடுப்பதற்கு முன் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

கழற்றிய பழைய கட்டையை மெருகேற்றுகிறேன் என்று உப்புத்தாளை எடுக்காதீர்கள். தேய்ப்பது முத்திரைகளையும் கன்னம் பட்ட பளபளப்பையும் சேர்த்தே தின்றுவிடும். ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் சில துளிகள் விட்டு, கை சூடாகும்வரை தேய்த்தால் போதும். எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீரில் போடுங்கள்.

மச்சான் ஜூன் மாதம் புதுக் கட்டையோடு முதல் முறையாகப் பண்ணைக்குப் போய் வந்தான். இரவில் அழைத்து, குழலைத் துடைக்க எந்தத் துணி நல்லது என்று கேட்டான். பருத்தி மட்டும்தான், நான்கு அங்குலம் நீளம், இரண்டு அங்குலம் அகலம். அதைவிடப் பெரிதாக வெட்டினால் துணி குழலுக்குள் இறுகிக்கொள்ளும், கயிறு அறுந்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு. கயிற்றின் பித்தளைக் குண்டைப் பின்பக்கத்திலிருந்து உள்ளே விட்டு, முனைப் பக்கமாக ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும் என்று சொன்னேன்.

மறுநாள் உட்லண்ட்ஸுக்குப் போய் அத்தையிடம் இதைச் சொன்னேன். "எத்தனை அங்குலம் என்றாய்?" என்று கேட்டபடி அலமாரியைத் திறந்தார். பழைய வாயில் புடவை ஒன்றை மடியில் விரித்து, தையல் டேப்பை வைத்து நகத்தால் கோடு கிழித்துக்கொண்டார். "அவர் கேட்டதும் இதே அளவுதான்" என்று சொல்லிவிட்டு வெட்ட ஆரம்பித்தார். பன்னிரண்டு துண்டுகள் வந்தன. கரை உள்ள துண்டை மட்டும் தனியாக எடுத்து வைத்தார். கரை தடிப்பாக இருக்கும், குழலில் சிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.