ஊருக்கு வர டிக்கெட் போடும் முன்: வெளிநாட்டில் வாழ்க்கைப்பட்டவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் லீவுக்கு ஊருக்கு வர இப்போதே டிக்கெட் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். இலங்கை மலையகத்தில், ஹட்டனில் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் டிக்கெட் போட்டுக் கொடுப்பதும்தான் என் பிழைப்பு. அதனால் லண்டனிலும் கனடாவிலும் கட்டிக்கொடுத்த நம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள், அங்கே மாப்பிள்ளையாகப் போன பையன்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், எங்கே வந்து மாட்டுவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். தவறுகள் எல்லாம் பழசு, ஆட்கள்தான் புதுசு. கடவுச்சீட்டு ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், நகல் எடுத்து வையுங்கள் என்கிற சமாச்சாரமெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது விமானம் ஏறுவது

இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி, லண்டனில் வாழ்க்கைப்பட்டவள். விசா முடிகிற நேரம் நீட்டிப்புக்கு ஒன்லைனில் விண்ணப்பித்து, கைரேகையும் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தபோது இங்கே அம்மாயி தவறிப்போனார். "அப்ளிகேஷன் போட்டாச்சு, ரசீது கையில இருக்கு, ஒன்னும் ஆகாது, போய்ட்டு வா" என்று புருஷனுக்கு வேண்டிய யாரோ சொல்ல, அவளும் கிளம்பி வந்துவிட்டாள். கருமாதி முடிந்து திரும்பப் பார்த்தால் பழைய விசாவின் தேதி முடிந்திருக்கிறது, புது விண்ணப்பமும் வாபஸ் ஆகிவிட்டதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது. கடைக்கு வந்தவள் நாலாக மடித்த ரசீதை மேசையில் விரித்து, அதிலிருந்த நம்பரின் மேல் விரலை வைத்து, "இதுல எல்லாம் சரியாத்தானே அண்ணே இருக்கு?" என்றாள். ரசீதில் ஒரு பிழையும் இல்லை. அதை வைத்துக்கொண்டு உள்ளே போகத்தான் முடியாது.

விஷயம் இதுதான். விசா முடிவதற்குள் விண்ணப்பித்துவிட்டால், பதில் வரும்வரை பிரிட்டனுக்குள் இருக்கும் உரிமை தானாகவே நீளும், ஆனால் அந்த மண்ணில் நிற்கும்வரைதான். பிரிட்டன், அயர்லாந்து, பக்கத்துத் தீவுகள் சேர்ந்த எல்லையைத் தாண்டினால் நீங்கள் விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டதாகவே சட்டம் கணக்கு வைக்கும். அப்புறம் எல்லாம் முதலிலிருந்து: காசநோய்ப் பரிசோதனை, கொழும்பில் கைரேகை, 2025 ஏப்ரல் கட்டணப்படி விசாவுக்கு 1,938 பவுண், 33 மாத விசாவுக்கு மூன்று வருஷக் கணக்கில் சுகாதாரக் கட்டணம் 3,105 பவுண். முடிவு வரும்வரை புருஷன் அங்கே, இவள் இங்கே தோட்டத்து லயத்து வீட்டில்.

இது லண்டன் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அவுஸ்திரேலியாவுக்குள் இருந்தபடி வாழ்க்கைத்துணை விசாவுக்குப் போட்டவருக்குக் கிடைக்கும் 'பிரிட்ஜிங் ஏ' என்ற இடைக்கால விசா வெளியேறியதும் முடிந்துபோகும். போய்த் திரும்ப வேண்டுமானால் கிளம்பும் முன்பே 'பிரிட்ஜிங் பி' வாங்க வேண்டும். அமெரிக்காவுக்குள் இருந்து கிரீன் கார்டுக்குப் போட்டுவிட்டு, முன்கூட்டிய பயண அனுமதி இல்லாமல் வெளியே வந்தால், பெரும்பாலும் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். கனடாவில் நிரந்தர வதிவிடத்துக்கான பிஆர் கார்டு தேதி முடிந்தால் அந்தஸ்து போகாது, ஆனால் கார்டில்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், புதுக் கார்டைக் கனடா விலாசத்துக்கு மட்டுமே தபாலில் அனுப்புவார்கள். இங்கே மாட்டிக்கொண்டால் பயண ஆவணம் ஒன்றுக்குத் தனியாக விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

அதனால் திருவிழாவோ கல்யாணமோ, முதலில் வந்து போய்விட்டு, விசா முடிவதற்குள் அங்கே போய் நீட்டிப்புக்குப் போடுங்கள். ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் பதில் வரும்வரை அசையாதீர்கள். பிரிட்டனில் கூடுதல் காசு கட்டிச் சீக்கிரம் முடிவு வாங்கும் வழி உண்டு, ஆனால் அதை விண்ணப்பிக்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். சாவு வீடு சொல்லிக்கொண்டு வராது, எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் முகம் பார்க்க வராமல் போவதா, திரும்பிப் போக முடியாமல் போவதா என்பது குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு, தெரிந்தே எடுங்கள். எனக்கு எரிச்சல் அந்தப் பெண்ணின் மேல் இல்லை. "ஒன்னும் ஆகாது" என்று சொன்னாரே, அந்த ஆளின் மேல்தான். ஒவ்வொரு குடும்பத்திலும் அப்படி ஒருத்தர் இருக்கிறார்.

இங்கே புதுக் கடவுச்சீட்டு, அங்கே பழைய நம்பர்

பிரிட்டனில் பிளாஸ்டிக் வதிவிட அட்டைகள் பெரும்பாலும் 2024 டிசம்பர் 31ஆம் தேதியோடு காலாவதியாகிவிட்டன, இப்போது எல்லாம் ஈவிசா, அதாவது ஒன்லைனில் மட்டும் இருக்கும் விசா. அது உங்கள் கடவுச்சீட்டு நம்பரோடு கட்டப்பட்டிருக்கிறது. லீவில் வந்த கையோடு புதுக் கடவுச்சீட்டு எடுப்பவர்கள் அந்த நம்பரைத் தங்கள் விசாக் கணக்கில் ஏற்ற மறந்துவிட்டு, கட்டுநாயக்க விமான நிலையத்தில் பெட்டியை வைத்துக்கொண்டு எனக்கு போன் போடுகிறார்கள். நம்பரை உடனே மாற்றுங்கள், பழைய கடவுச்சீட்டையும் தூக்கிப் போடாமல் கையில் கொண்டுபோங்கள்.

டிக்கெட்டில் புருஷன் பெயர்

கடவுச்சீட்டில் என்ன பெயரோ, அதே பெயர். வேறு பேச்சே இல்லை.

விமானம் மாறும் இடம்

இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர், ஐரோப்பாவில் ஒரே விசா முறையில் சேர்ந்திருக்கும் ஷெங்கன் நாட்டு விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்கே டிரான்சிட் விசா எடுக்க வேண்டியவர்கள் பட்டியலில் இருக்கிறார். சிலருக்கு விலக்கு உண்டு. உங்களுக்கு உண்டா என்று பார்த்த பிறகு மலிவு டிக்கெட்டைத் தொடுங்கள்.

அக்கரையிலிருந்து வந்த மருமகள்

1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அக்கரைக்கு, அதாவது இந்தியாவுக்கு, அனுப்பப்பட்டுப் போன தோட்டத்துச் சொந்தத்தில் பெண் எடுப்பது இங்கே இன்னும் நடக்கிறது. திருச்சியிலிருந்தோ கூடலூரிலிருந்தோ வந்த அந்தப் பெண்ணும் வதிவிட விசாவில்தான் இங்கே இருக்கிறாள். தாய்வீட்டுக்குப் போன இடத்தில் தேதி முடிந்துவிட்டால் பிறகு அலைச்சல்தான், அதனால் புதுப்பித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் போகிறவள் என்றால் இன்னும் கவனம். அவள் திரும்பி வர மாதக்கணக்காகும்.

பிள்ளையின் முப்பது நாள்

பிள்ளைக்கு அந்நாட்டுக் கடவுச்சீட்டு மட்டும்தான் என்றால் இங்கே அது வெளிநாட்டு விருந்தாளி. முப்பது நாள் விசாவில் கூட்டிக்கொண்டு வந்து, காது குத்தி, பாட்டியோடு இன்னும் ஒரு மாதம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, விமான நிலையத்தில் அபராதம் கட்டுகிறவர்கள் உண்டு. கூடுதலாக இருப்பதென்றால் முப்பது நாள் முடியும் முன்பே நீட்டிப்புக்குப் போடுங்கள். பிள்ளை பிறக்கும்போது பெற்றோரில் ஒருவராவது இலங்கைப் பிரஜையாக இருந்தால், பிறந்த ஒரு வருஷத்துக்குள் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் பிள்ளையின் பிறப்பைப் பதிந்து பிரஜாவுரிமை எடுத்துவிடலாம். ஒரு வருஷம் தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும்.