சிங்கப்பூர்ப் பள்ளித் தேர்வுகள்: புதிதாக வரும் பெற்றோருக்கு

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வையே மனத்தில் வைத்து வருபவர்களை இங்கே முதலில் திகைக்க வைப்பது பிஎஸ்எல்இ. தொடக்கநிலை 6 முடியும்போது, பன்னிரண்டு வயதிலேயே பிள்ளை எழுதும் தேசியத் தேர்வு அது. 1960-இல் முதன்முதலாக நடந்தபோது தமிழ்வழிப் பிள்ளைகளும் எழுதினார்கள். கல்வி அமைச்சிடம் இருந்த தேர்வுப் பொறுப்பு 2004 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர்த் தேர்வு, மதிப்பீட்டுக் கழகத்திடம் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளி இறுதியில் எழுதும் ஓ லெவல் தேர்வை அது பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்புடன் சேர்ந்து நடத்துகிறது. 2027 முதல் ஓ லெவல், அதே கட்டத்தில் வரும் என் லெவல் இரண்டுக்கும் பதிலாக ஒரே உயர்நிலைச் சான்றிதழ் வருகிறது. அதனால் பழைய டியூஷன் விளம்பரங்களைப் பார்த்துத் திட்டமிடாதீர்கள்.

மதிப்பெண் கணக்கும் 2021-இல் மாறியது. அதற்கு முன் மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் போட்ட டி-ஸ்கோர். இப்போது ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை தரநிலை: 90-ம் அதற்கு மேலும் என்றால் 1, 85-89 என்றால் 2, 80-84 என்றால் 3, 75-79 என்றால் 4, 65-74 என்றால் 5, 45-64 என்றால் 6. நான்கு பாடத்தையும் கூட்டினால் வருவதுதான் மொத்தம்; 4 வாங்கினால் உச்சம். 46-ம் 64-ம் ஒரே தரநிலை, 64-ம் 65-ம் வேறு! விளிம்பில் நிற்கும் பாடத்துக்குத்தான் கூடுதல் உழைப்பு.

குடியுரிமையோ நிரந்தரவாசமோ இல்லாத பிள்ளை நடுவில் சேர, ஏஇஐஎஸ் நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். ஆங்கிலம், கணிதம் மட்டும். தொடக்கநிலை 2-5, உயர்நிலை 1-3 வகுப்புகளுக்குத்தான் அது. தொடக்கநிலை 6-க்கும் உயர்நிலை 4-க்கும் கிடையாது. பள்ளியாண்டு ஜனவரியில் தொடங்கும். ஊரில் ஆண்டுத்தேர்வு முடித்து ஜூனில் வந்தால் பாதி ஆண்டு போயிருக்கும். தேர்வு ஆண்டின் பிற்பகுதியில், சேர்க்கை அடுத்த ஜனவரியில். தேறினாலும் காலியிடம் இருந்தால்தான் பள்ளி. பெரும்பாலும் கவிழ்த்துவிடுவது ஆங்கிலம். கணிதத்தில் நீண்ட வாக்கியக் கணக்குகளையும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டுமே!

தமிழ் எடுக்கும் பிள்ளைக்கு ஒரு குறிப்பு. பிஎஸ்எல்இ தமிழில் 200-க்கு 50 மதிப்பெண் வாய்மொழிக்கு: வாய்விட்டு வாசிப்பது, காணொளி பார்த்து உரையாடுவது. உரையாடலில் மனப்பாடமாக மேடைத்தமிழ் ஒப்பிப்பது எடுபடாது. கேட்ட கேள்விக்கு இயல்பாகப் பேசினால் போதும். சேர்ந்த உயர்நிலைப் பள்ளியில் தமிழ் இல்லையென்றால் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற இடத்தில் பள்ளி முடிந்ததும் பாடம் உண்டு. அதற்குப் பள்ளி அலுவலகத்திலேயே கேட்டுப் பதியலாம்.