சின்ன ரிவால்வர் வாங்குமுன் விசாவைப் பாருங்கள்: டெக்சஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

டெக்சஸுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அலுவலகத்தில் ஒருவர் சாப்பாட்டு மேசையில் கேட்பார்: "சனிக்கிழமை எல்லோரும் துப்பாக்கி சுடப் போகிறோம், நீயும் வருகிறாயா?" ஊர்ப் பொருட்காட்சியில் பலூன் சுட்டதைத் தவிர நமக்கு வேறு அனுபவம் கிடையாது. சுடும் கூடத்தில் வாடகைக்கே ரிவால்வர் கிடைக்கும் என்றதும் ஆசை வந்துவிடும். எனக்கும் வந்தது. அப்போது நான் எச்-1பி என்ற வேலை விசாவில் இருந்தேன். போகாமல் தப்பித்தது என் அறிவால் அல்ல. அன்றைக்குக் கடுமையான காய்ச்சல்.

எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பி-2 என்று குடியேறா விசாவில், அதாவது தற்காலிகமாகத் தங்க, வந்திருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். சொந்தமாக வாங்கினால்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். வாடகைத் துப்பாக்கியைக் கூடத்தில் பத்து நிமிடம் கையில் பிடித்தாலும் சட்டத்தின் கண்ணில் அது வைத்திருப்பதுதான். உச்சத் தண்டனை முன்பு 10 ஆண்டு சிறை. 2022-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு 15 ஆண்டு. டெக்சஸில் யாரும் எதையும் கேட்பதில்லை, 2021 முதல் உரிமம் இல்லாமலே இடுப்பில் மாட்டிக்கொண்டு போகலாம் என்றெல்லாம் நண்பர்கள் சொல்வார்கள். அது மாநிலச் சட்டம். அதுவும் துப்பாக்கி வைத்திருக்கத் தடை இல்லாதவர்களுக்கு மட்டும். உங்களைத் தடுப்பது அதற்கு மேலே இருக்கும் சட்டம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் அந்தத் தடை விலகும். முயலைக்கூட விரட்டாதவர்கள் வேட்டை உரிமம் வாங்குவதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், காரணம் இதுதான். ஆனால் டெக்சஸ் வேட்டை உரிமம் ஆகஸ்டு 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும். நீங்கள் புதுப்பிக்க மறந்தால், செப்டம்பர் 1 அன்று காலை உங்கள் அலமாரியில் இருக்கும் அதே ரிவால்வர் உங்களைக் குற்றவாளி ஆக்கிவிடும். இந்தக் கயிற்றில் நடப்பதைவிட கிரீன் கார்டு வரும்வரை காத்திருப்பது மேல் என்பது என் கருத்து. இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசையின் நீளம் எனக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். விசா நிலை சிக்கலாக இருந்தால் துப்பாக்கிக் கடைக்காரரிடம் கேட்காதீர்கள். குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கிரீன் கார்டு வந்தபின் வழி நேரானது. உரிமம் பெற்ற கடைக்குப் போய், துப்பாக்கி வாங்குவோருக்கான கூட்டாட்சிப் படிவம் 4473-ஐ நிரப்ப வேண்டும். கடையில் கைத்துப்பாக்கி வாங்க வயது 21 ஆகியிருக்க வேண்டும்; நீங்கள் வசிக்கும் மாநிலத்தில்தான் வாங்க முடியும். கடைக்காரர் உங்கள் விவரங்களை எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சோதனைக்கு அனுப்புவார். 1998 முதல் இருக்கும் ஏற்பாடு இது, பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். நம்மவர்கள் இடறும் இடம் பெயர்தான். அப்பா பெயர் முதலெழுத்தாகவும், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாமலும் வந்து, விசாவில் முதற்பெயர் தெரியாதவர் என்று அச்சாகி வாழ்பவர்கள் எத்தனை பேர்! ஓட்டுநர் உரிமத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள்; அலங்கரிக்க வேண்டாம். குடியுரிமைக் கேள்வியில் அவசரத்தில் அமெரிக்கா என்று குறித்துவிடாதீர்கள். அமெரிக்கக் குடிமகன் என்று பொய்யாகச் சொல்வதைக் குடியேற்றச் சட்டம் எளிதில் மன்னிக்காது.

அதே படிவம் கஞ்சா பழக்கம் பற்றியும் கேட்கும். உங்கள் மாநிலம் அனுமதிக்கிறது என்பது அங்கே பதில் ஆகாது. துப்பாக்கி யாருக்காக என்றும் கேட்கும். எச்-1பி-யில் இருக்கும் மைத்துனர் பணம் கொடுத்து, கிரீன் கார்டு உள்ள நீங்கள் வாங்கிக் கொடுத்தால் இருவரும் மாட்டுவீர்கள். கிரீன் கார்டு என்ன கேடயமா? துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு உள்ளவரையும் நாடு கடத்தலாம்.

மற்ற மாநிலங்களுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எடிசனில் இருக்கிறீர்கள் என்றால் நியூ ஜெர்சி துப்பாக்கி வாங்குவோருக்கான அடையாள அட்டையும், ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனி அனுமதிச் சீட்டும் கேட்கும். கலிபோர்னியாவில் பாதுகாப்புத் தேர்வு, 10 நாள் காத்திருப்பு, விற்க அனுமதிக்கப்பட்ட கைத்துப்பாக்கிகளின் பட்டியல் எல்லாம் உண்டு. நான் டெக்சஸ்காரன், அங்கத்திய நுணுக்கங்களை அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள்.

வீட்டுக்குள் இருக்கும் சிக்கலை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கணவருக்கு கிரீன் கார்டு. மனைவி எச்-4-இல் இருக்கிறார். அல்லது ஆறு மாதத்துக்கு அப்பாவும் அம்மாவும் பி-2 விசாவில் வந்திருக்கிறார்கள். துப்பாக்கி உங்களுடையது என்றாலும், தடை உள்ளவர் கைக்கு எட்டும்படி இருந்தால் அவரும் வைத்திருப்பதாகவே வழக்குப் போடலாம். ஆகவே துப்பாக்கியை வைத்துப் பூட்டும் பெட்டியின் எண் உங்களுக்கு மட்டும் தெரிய வேண்டும். "அவசரத்துக்கு அவளுக்கும் தெரியட்டும்" என்ற பேச்சு இங்கே உதவாது. அப்பா ஊரில் நாட்டுத் துப்பாக்கி பிடித்தவராக இருக்கலாம், தேர்தல் வந்ததும் உரிமத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்த கதையைச் சொல்லலாம். கதையைக் கேளுங்கள், ரிவால்வரைக் காட்ட எடுத்து நீட்டாதீர்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டில் பூட்டு கட்டாயம். 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கையில் குண்டு நிரம்பிய துப்பாக்கி கிடைக்கும்படி அலட்சியமாக வைப்பது டெக்சஸிலும் குற்றம். கடையில் தரும் கம்பிப் பூட்டை வாங்கி இழுப்பறையில் போட்டுவிட்டுப் பலர் மறந்துவிடுகிறார்கள். கட்டிலடியில் திருகாணியால் பிணைத்த எஃகுப் பெட்டிதான் எனக்குத் திருப்தி தந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். புதிதாக வந்தவரின் முதல் குளிர்காலமும், வேலை போன மாதமும் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அப்படி ஒரு காலத்தில் இருக்கிறீர்கள் என்றால் வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் நம்பிக்கையான, தடை இல்லாத நண்பர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தற்கொலைத் தடுப்பு உதவிக்கான 988 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

சுடும் கூடத்துக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்குப் போகும்போது எடுக்காதீர்கள். இதைத் தடித்த எழுத்தில் எழுதி ஒட்டிவைக்கலாம். பையின் மடிப்பில் தங்கிய ஒரே ஒரு தோட்டா சென்னை விமான நிலையத்தின் ஊடுகதிர்க் கருவியில் தெரிந்தால், இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வழக்கு. மறந்துவிட்டேன் என்பதைக் காவல் நிலையத்தில் விளக்கிக்கொண்டிருக்கும்போது தங்கை கல்யாணம் முடிந்திருக்கும். சித்தப்பாவிடம் உரிம ரிவால்வர் இருக்கிறது, நல்ல கைப்பிடி ஒன்று வாங்கி அனுப்பலாம் என்ற யோசனையும் வேண்டாம். துப்பாக்கியின் உதிரிபாகங்களுக்கு இங்கே ஏற்றுமதி விதிகளும் அங்கே சுங்க விதிகளும் உண்டு.

இனி ரிவால்வருக்கு வருவோம். இங்கே சின்ன ரிவால்வர் என்றால் பெரும்பாலும் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனத்தின் ஜே ஃபிரேம் என்ற சிறிய உடம்பு வகைதான். 1950-இல் சீஃப்ஸ் ஸ்பெஷல் என்ற பெயரில் வந்தது, 1957 முதல் மாடல் 36. ஐந்தே தோட்டா, .38 ஸ்பெஷல் ரகம், இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த குழல். என்னிடம் இருப்பதும் அதுதான், எழுபதுகளில் செய்த பழைய உருப்படி. எஃகு உடம்பு, அரைக் கிலோவைவிடச் சற்று அதிகம். கடையில் உங்கள் கையில் முதலில் வைப்பது அநேகமாக மாடல் 642 ஆகவோ ரூகர் எல்.சி.ஆர். ஆகவோ இருக்கும். இரண்டும் சுமார் 400 கிராம். "எவ்வளவு இலேசு!" என்று மகிழ்ந்து வாங்குவார்கள், இரண்டாவது பெட்டித் தோட்டா முடிவதற்குள் உள்ளங்கை சிவந்து வீட்டுக்குத் திரும்புவார்கள். எடை குறையக் குறைய உதை கூடும். 330 கிராம் எடையில் .357 மேக்னம் சுடும் மாதிரிகளும் விற்கிறார்கள். அதை ஒருமுறை சுட்டவர் விற்பதற்கு ஆள் தேடுவார். முதல் ரிவால்வர் எஃகாகவே இருக்கட்டும்.

பிடிக்கும் விதத்தில் ஒரு எச்சரிக்கை. தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. சுடும்போது சூடான வாயு அந்த வழியாகப் பக்கவாட்டில் சீறும். சின்ன ரிவால்வரில் இரண்டு கைகளுக்கும் இடம் போதாது, இடது கைப் பெருவிரல் தானாக முன்னே போகும். அதைப் பின்னுக்கு இழுத்து வையுங்கள். சுட்டு முடித்ததும் கை, முகம் கழுவி, வீட்டுக்கு வந்து உடை மாற்றிய பிறகு குழந்தையைத் தூக்குங்கள். ஈயத் தூசு கண்ணுக்குத் தெரியாது.

வாங்கிய மறுவாரமே மாற்றி அமைக்கும் ஆசை வரும். முதலில் கைப்பிடி. ஜே ஃபிரேமோடு வரும் பழைய மரக் கைப்பிடி மெலிந்தது. விசையைச் சுற்றியிருக்கும் வளையமான விசைக் காப்புக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் இருக்கும், சுடும்போது நடுவிரல் மூட்டில் காப்பு வந்து இடிக்கும். அந்த இடத்தை நிரப்ப டைலர் டி-கிரிப் என்ற சின்ன உலோகத் துண்டு உண்டு. அழகான தீர்வு, ரிவால்வரின் பழைய தோற்றமும் கெடாது. ரப்பர் கைப்பிடி உதையை நன்றாகத் தாங்கும், ஆனால் சட்டையின் உள்துணியை ஒட்டிப் பிடித்துக்கொண்டு வயிற்றருகே முட்டை வைத்ததுபோல் புடைத்துக் காட்டும். ரோஸ்வுட் என்று விற்பதில் பல சாயமேற்றிய ஒட்டுப் பலகை. நம் வீட்டு ஈட்டிமரக் கட்டிலில் படுத்து வளர்ந்தவர்கள் தொட்டதுமே கண்டுகொள்வார்கள். வாங்குமுன் உங்கள் ரிவால்வரின் அடிப்பகுதி வட்டமா சதுரமா என்று பாருங்கள். இரண்டு வடிவிலும் செய்திருக்கிறார்கள், ஒன்றுக்கானது மற்றதற்குப் பொருந்தாது. நான் தபாலில் வரவழைத்த முதல் ஜோடி இன்னும் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க உதவுகிறது.

அடுத்தது முன்குறி, அதாவது குழல் நுனியில் குறிபார்க்க உதவும் மேடு. கறுப்புக் குறி கறுப்பு இலக்கில் மறைந்துவிடும். ஆல்கஹால் நனைத்த பஞ்சால் எண்ணெய் போகத் துடைத்து, முதலில் வெள்ளை நகப்பூச்சு, காய்ந்தபின் அதன்மேல் ஆரஞ்சு. மொத்தச் செலவு மனைவியிடம் வாங்கும் திட்டு மட்டும்.

இதோடு நிறுத்திவிடுங்கள் என்பேன். நான் நிறுத்தவில்லை. ஜே ஃபிரேமின் விசை கனமானது. சுத்தியலைக் கையால் பின்னுக்கு இழுக்காமல் விசையை மட்டும் அழுத்திச் சுடும்போது பன்னிரண்டு பவுண்டு அளவுக்கு அழுத்த வேண்டியிருக்கும். இலேசான ஸ்பிரிங் தொகுப்பு ஒன்றை வாங்கி, பக்கத் தகட்டைக் கழற்றி நானே மாட்டினேன். விசை வெண்ணெய்போல் ஓடியது. கூடத்தில் முதல் ஐந்தில் இரண்டு தோட்டா வெடிக்கவில்லை. விசையை இலேசாக்கும் அதே ஸ்பிரிங்தான் சுத்தியலுக்கும் வேகம் தருகிறது. அதைத் தளர்த்தினால் தோட்டாவின் அடியிலிருக்கும் தீப்பொறிக் குமிழில் அடி போதுமான வலுவோடு விழாது. வெடிக்காத தோட்டா தாமதமாக வெடிக்கவும் கூடும் என்பதால் குழலை இலக்கு நோக்கியே 30 விநாடி வைத்திருந்தேன். அந்த 30 விநாடி நீளமானது. துப்பாக்கி பழுதுபார்க்கும் கிழவரிடம் கொண்டுபோனபோது, திருகாணித் தலைகளை நான் கீறியிருந்ததைத்தான் முதலில் பார்த்தார். பழைய ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டி, உள்பரப்புகளை மட்டும் மெருகேற்றிக் கொடுத்தார். பாரம் குறையவில்லை; ஆனால் சொரசொரப்பு போய்விட்டது. நான் தேடியது அதைத்தான் என்று அப்போது புரிந்தது.

பழங்கால வேலைப்பாடு ஒன்றைப் படங்களில் பார்த்து மயங்குவீர்கள். கோல்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபிட்ஸ்ஜெரால்டு என்பவர் விசைக் காப்பின் முன்பாதியை அறுத்து எடுத்துவிட்டுக் குட்டி ரிவால்வர்கள் செய்தார். ஃபிட்ஸ் ஸ்பெஷல் என்று இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். காப்பு இல்லாத விசையில் பையின் நூல் மாட்டினாலும் போதும், வெடித்துவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்க வேண்டியதை உங்கள் ரிவால்வரில் செய்து பார்க்காதீர்கள். நீலப் பூச்சை மாற்ற, மெருகேற்றக் கொடுத்தாலும் வரிசை எண் தேயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண் அழிந்த துப்பாக்கியை வைத்திருப்பதே தனிக் குற்றம்.

கழற்றிய பழைய மரக் கைப்பிடியை எறிந்துவிடாதீர்கள். பழைய ஜே ஃபிரேம் என்றால் வலப்பக்கத் துண்டின் உட்புறத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பென்சிலிலோ முத்திரையாகவோ ஓர் எண் இருக்கலாம். அது ரிவால்வரின் உடம்பில் உள்ள வரிசை எண்ணோடு ஒத்துப்போனால், இரண்டும் ஆலையிலிருந்து ஒன்றாக வெளியே வந்தவை. என்னுடையதில் பென்சில் எண் பாதி மங்கியிருந்தது, கடைசி மூன்று இலக்கம் மட்டும் தெரிந்தது. ஒத்துப்போயின.