பழைய எம்ஜிபி எஞ்சினுக்கு மினியின் சூப்பர்சார்ஜர்

என் எம்ஜிபி 1972-இல் இங்கிலாந்தின் ஆபிங்டனில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். அதில் இப்போது ஓடும் சூப்பர்சார்ஜர் (பெல்ட்டால் சுற்றி எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் பம்ப்), விபத்தில் நசுங்கிய ஒரு 2004 மினி கூப்பர் எஸ் காரிலிருந்து கழற்றியது. அந்த மினியும் ஆக்ஸ்ஃபோர்டின் கவுலி தொழிற்சாலையில் பூட்டியதுதான். இரண்டு ஊருக்கும் நடுவே பத்து மைல்கூட இருக்காது. கோயம்புத்தூரில் லேத் ஓட்டிப் பழகிய கை என்னுடையது. இங்கிலாந்துக்கு வந்த பிறகு வார இறுதிகளில் அந்தக் கைக்குக் கிடைத்த வேலை இந்தக் கார். இதே வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்காக, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

சூப்பர்சார்ஜர் வாங்குவதற்கு முன்னால் உங்கள் எஞ்சின் அதைத் தாங்குமா என்று பாருங்கள். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் அமுக்கும்போது வரும் அழுத்தம், எடுங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்திருக்க வேண்டும். எனக்கு 165, 160, 165, 160 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வந்தது. ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றுங்கள். ஹெட்டைத் திறந்தால் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தில் கடினமான சீட் ரிங் போட்டுவிடுவது நல்லது. ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து இரும்பு ஹெட் அது. இன்றைய பெட்ரோலில் சும்மா ஓடினாலே சீட் தேயும். சூப்பர்சார்ஜரின் சூடும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் தேயும்.

இனி சூப்பர்சார்ஜர். 2002 முதல் 2006 வரை வந்த மினி கூப்பர் எஸ் காரில் இருப்பது ஈட்டன் எம்45. பழைய கார்களை உடைத்து விற்கும் நம்மூர்க் காயலான் கடை போன்ற இடங்கள் இங்கேயும் உண்டு. அப்படி ஓரிடத்தில் 120 பவுனுக்கு வாங்கினேன். அதற்கு முன் வேறொரு கடையில் வாங்கிய ஒன்று வீணாகப் போனது. மினியில் இந்தச் சூப்பர்சார்ஜரின் பின்பக்கக் கியர்தான் தண்ணீர் பம்பையும் சுற்றும். அந்தக் கியருக்குத் தனி ஆயில். அது வற்றினால் பல் தேய்ந்து உடையும். நான் முதலில் வாங்கியதில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. உள்ளே பல் பொடிப் பொடியாகக் கிடந்தது. அதனால் காசு கொடுப்பதற்கு முன்னால் பின்பக்கப் பம்பைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். புல்லியைக் கையால் சுற்றுங்கள். சீராக, லேசான எதிர்ப்புடன் சுற்ற வேண்டும். ஷாஃப்டை மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. காற்று வெளியேறும் முக்கோண வாயில் டார்ச் அடித்து, உள்ளே சுற்றும் ரோட்டரைப் பாருங்கள். பூச்சு அங்கங்கே மங்கியிருந்தால் பரவாயில்லை. உலோகத்தில் கோடு விழுந்திருந்தால் வாங்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டு, சூப்பர்சார்ஜருக்கென்றே விற்கும் ஆயிலை ஊற்றுங்கள். பழைய ஆயிலின் நாற்றம் கையைவிட்டுப் போக இரண்டு நாள் ஆகும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எம்ஜிபிக்கு அதன் தண்ணீர் பம்ப் தனியாக இருப்பதால் பின்பக்கக் கியருக்கு வேலை இல்லை. அதைக் கழற்றாமல், ஆயிலோடு சும்மா சுற்றவிட்டு, பம்ப் உட்கார்ந்திருந்த வாயை மட்டும் ஓ-ரிங் வைத்த அலுமினியத் தகட்டால் மூடினேன்.

அடுத்தது கணக்கு. இதைச் செய்யாமல் புல்லி வாங்காதீர்கள். எஞ்சின் 1798 சி.சி. நாலு ஸ்ட்ரோக் என்பதால், பிஸ்டன்கள் சுற்றவைக்கும் ஷாஃப்டான கிராங்கின் ஒரு சுற்றுக்கு அதில் பாதி, 899 சி.சி. பழைய ஹெட், அதிலும் 80 சதவீதம்தான் நிரம்பும் என்று வைத்தால் சுமார் 720 சி.சி. எம்45 என்பதில் உள்ள 45, ஒரு சுற்றுக்கு அது தள்ளும் கன அங்குலம். அதாவது 737 சி.சி. கசிவு போக 85 சதவீதம் என்றால் 626. ஆக, கிராங்க் வேகத்திலேயே சுற்றினால் எஞ்சின் கேட்கும் அளவைக்கூட அது தராது. நான் கிராங்கில் 110 மி.மீ., சூப்பர்சார்ஜரில் 75 மி.மீ. புல்லி போட்டேன். விகிதம் 1.47. இப்போது ஒரு சுற்றுக்கு 920 சி.சி., எஞ்சின் தானாக இழுப்பதைவிட 28 சதவீதம் கூடுதல். அமுக்கும்போது காற்று சூடாகும், அதனால் அழுத்தம் இன்னும் கொஞ்சம் ஏறும். கணக்கில் ஏறக்குறைய 6 பி.எஸ்.ஐ. வந்தது, ஓட்டிப் பார்த்தபோது மீட்டர் ஐந்தரை காட்டியது. 5500 ஆர்.பி.எம்.மில் சூப்பர்சார்ஜர் 8,100-ஐக்கூடத் தொடாது. மினியில் கிராங்கைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றிய பொருளுக்கு இது நிம்மதியான ஓட்டம். ஒன்பதுக்கு ஒன்று கம்ப்ரெஷன் விகிதம் உள்ள, அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாத எஞ்சினுக்கு 6 பி.எஸ்.ஐ. போதும். சின்னப் புல்லி போட்டு எட்டு, பத்து என்று ஆசைப்படாதீர்கள். பிஸ்டன் உடைவது அங்கேதான்.

இந்த வேலையில் முக்கால்வாசி நேரம் பிராக்கெட்டுக்கும் பெல்ட்டுக்கும்தான் போகும். எம்ஜிபியின் ஒற்றை வி-பெல்ட் இதை இழுக்காது. தண்ணீர் பம்பும் ஆல்டர்னேட்டரும் அந்தப் பெல்ட்டிலேயே இருக்கட்டும். கிராங்க் புல்லியின் முன்னால் ஆறு பள்ளம் உள்ள புல்லி ஒன்றைக் கடைந்து போல்ட் போட்டுப் பொருத்தி, சூப்பர்சார்ஜருக்குத் தனி பெல்ட் கொடுங்கள். புல்லியின் முகம் காரின் முன்பக்கம் பார்க்கட்டும். அப்போது எஞ்சினும் அதுவும் ஒரே திசையில் சுற்றும். பிராக்கெட் முழுக்க எஞ்சினில்தான் பிடித்திருக்க வேண்டும், பாடியில் ஒரு போல்ட்கூடக் கூடாது. ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது எஞ்சின் குலுங்கும், பெல்ட் இழுபடும். முதலில் 6 மி.மீ. இரும்பு ஆங்கிளில் செய்தேன். பார்க்கக் கெட்டியாக இருந்தது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு பானெட்டைத் திறந்தால் பெல்ட்டின் ஓரத்திலிருந்து கறுப்புப் பொடி உதிர்ந்து கிடந்தது. சுமை ஏறும்போது ஆங்கிள் வளைந்து புல்லி சாய்ந்திருக்கிறது. 12 மி.மீ. அலுமினியத் தகட்டில் மறுபடி செய்த பிறகு பொடி இல்லை. இரண்டு புல்லியின் முகத்திலும் நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள், ஒரு மில்லிமீட்டர் விலகல்கூட வேண்டாம். ஸ்பிரிங் டென்ஷனர், பெல்ட் தளரும் பக்கத்தில் வர வேண்டும்.

காற்றில் பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டரை, காற்று வரும் பாதையில் சூப்பர்சார்ஜருக்கு முன்னால் வையுங்கள். பழைய எஞ்சினுக்கு இதுதான் எளிய வழி. எம்ஜி மெட்ரோ காரில் வந்த எஸ்யூ எச்ஐஎஃப்44 கார்புரேட்டர் ஒன்று போதும். எஸ்யூ தன் வழியே போகும் காற்றுக்குத் தகுந்தபடி தானே ஊசியைத் தூக்கி பெட்ரோல் கொடுக்கும், அழுத்தம் பற்றி அது அறிய வேண்டியதே இல்லை. பெட்ரோல் பம்பையும் மாற்ற வேண்டாம். ஊசியை மட்டும் அடர்த்தியான கலவை தருவதாக மாற்ற வேண்டும். மினியின் பைபாஸ் வால்வையும் சேர்த்தே வாங்கிப் பொருத்துங்கள். நிதானமாகப் போகும்போது அது திறந்து காற்றைச் சுற்றிவிடும். சூடும் பெட்ரோலும் மிச்சம். அதைத் திறக்கும் வேக்கும் (உறிஞ்சும்) குழாய், பிரேக் மிதிக்க உதவும் சர்வோவின் குழாய் இரண்டும் கார்புரேட்டருக்கும் சூப்பர்சார்ஜருக்கும் நடுவிலிருந்துதான் எடுக்க வேண்டும். பிளக்குகளுக்கு மின்பொறியைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கும் குழாய் கார்புரேட்டரிலேயே இருக்கட்டும். சூப்பர்சார்ஜரிலிருந்து ஹெட்டுக்குக் கலவையைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டில் ஸ்பிரிங் வைத்த ரிலீஃப் வால்வு ஒன்று கட்டாயம். ரோட்டரிலிருந்து ஹெட் வரை எரியக்கூடிய கலவை நிரம்பியிருக்கிறது. பேக்ஃபயர் ஆனால், அதாவது எஞ்சினுக்குள் போகும் முன்பே அது தீப்பிடித்தால், வெளியேற வழி வேண்டும்.

மேனிஃபோல்ட் செய்வது சுலபம் என்றுதான் தோன்றும். இந்த ஹெட்டில் இன்டேக் வாய் இரண்டே இரண்டு, நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து. ஆனால் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கத்தில், ஒரே ஸ்டட்களில் உட்காருகின்றன. ஒரு தடித்த வாஷர்தான் இரண்டின் ஓரத்தையும் சேர்த்து அமுக்கும். நான் வெல்டிங் செய்த இன்டேக்கின் ஃபிளேஞ்ச் (ஹெட்டோடு ஒட்டி உட்காரும் விளிம்புத் தகடு), எக்ஸாஸ்ட் ஃபிளேஞ்சைவிட ஒரு மில்லிமீட்டர் மெல்லிசு. கண்ணுக்குத் தெரியவில்லை. நட்டை இறுக்கியபோது வாஷர் எக்ஸாஸ்டில் மட்டும் ஏறி உட்கார்ந்தது. ஐட்லிங்கில் மெல்லிய விசில், கலவை மீட்டரில் (ஒரு பங்கு பெட்ரோலுக்குக் காற்று எத்தனை பங்கு என்று காட்டுவது) 15-க்கு மேல். ரோட்டில் ஒரு ஏற்றத்தில் மிதித்துவிட்டு நிறுத்தினால் பெட்ரோல் வாசனை. டார்ச் அடித்துப் பார்த்தேன்: கேஸ்கெட்டின் கீழ் விளிம்பில் ஈரம், அதற்கு ஒரு அங்குலம் கீழே சிவக்கச் சூடாகும் எக்ஸாஸ்ட். அன்றைக்குத் தீப்பிடிக்காமல் போனது என் நல்ல நேரம். நீங்கள் இரண்டு ஃபிளேஞ்சையும் காலிப்பரால் அளந்து, ஒரே கனத்துக்குக் கொண்டுவந்த பிறகே பூட்டுங்கள். நடுவில் வெப்பத் தகடு போடுங்கள். முதல் நாளிலிருந்தே காருக்குள் தீயணைப்பான் இருக்கட்டும்.

டைமிங், அதாவது பிளக் பொறி அடிக்கும் நேரம்: ஒரு பி.எஸ்.ஐ.க்கு ஒரு டிகிரி பின்னால் இழுப்பது பாதுகாப்பான தொடக்கம். என் எஞ்சினின் மொத்த அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன் பொறி அடிக்கும் அளவு) 32 டிகிரி. அதை 26-க்கு இறக்கினேன். பிளக் என்ஜிகே பிபி6இஎஸ் போய் ஒரு படி குளிர்ந்த பிபி7இஎஸ், இடைவெளி 0.6 மி.மீ. எப்போதும் சூப்பர் அன்லெடட் மட்டும்தான். எக்ஸாஸ்டில் அந்தக் கலவை மீட்டருக்கான வைட்பேண்ட் சென்சார் இல்லாமல் முழு ஆக்ஸிலரேட்டர் மிதிக்கவே மிதிக்காதீர்கள். அழுத்தம் ஏறும்போது மீட்டர் 12-ஐ ஒட்டி நிற்க வேண்டும். 13-ஐத் தாண்டினால் உடனே காலை எடுங்கள். ஊசியை மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். நான் நான்கு ஊசி மாற்றினேன்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் ரோட்டில் இறக்காதீர்கள். இந்த நாட்டில் எஞ்சினில் செய்த மாற்றத்தை மறைத்தால் பாலிசியே செல்லாமல் போகலாம். பிரேக் பேடையும் ஹோஸையும் இதோடு சேர்த்துப் புதுப்பித்துவிடுங்கள்.

சரி, வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது. 50 மைலில் மேனிஃபோல்ட் நட்டை எஞ்சின் ஆறிய பிறகு மறுபடி இறுக்குங்கள், பெல்ட்டைப் பாருங்கள். 200 மைலில் நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். நான்கும் பழுப்பாக இருந்தால் நல்லது. ஒன்றும் இரண்டும் சேர்ந்து வெளுத்திருந்தால், அல்லது மூன்றும் நான்கும் சேர்ந்து வெளுத்திருந்தால், அந்தப் பக்கத்து இன்டேக் வாயில் காற்று கசிகிறது, ஏனென்றால் அந்த இரண்டு சிலிண்டருக்கும் வாய் ஒன்றுதான். கேஸ்கெட்டை மாற்றி, ஃபிளேஞ்சை மறுபடி அளந்துவிட்டுப் பூட்டுங்கள்.