நீங்காத வாய் நாற்றம்: காரணமும் கவனிப்பும்

காவிரிப் படுகையில் சாப்பாட்டுக்குப் பின் கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலையும் சீவலும் போட்டுக்கொண்டால் வாய் மணக்கும் என்பது உண்மையே. ஆயினும் அந்த மணம் அடங்கியதும் நாற்றம் திரும்புமானால், அதன் இருப்பிடத்தைக் கண்டறிய வேண்டும். பெரும்பாலும் அது வயிறன்று, வாயேதான். நாக்கின் பின்பகுதியிலும் ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலும் காற்றுப் படாமல் வாழும் பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கந்தக வாயுக்கள் உண்டாகின்றன.

உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்ப்பது சரியான சோதனையாகாது. ஒரு கரண்டியால் நாக்கின் பின்பகுதியை மெல்ல வழித்து, சில விநாடிகள் உலரவிட்டு முகர்ந்தால் ஓரளவு தெரியும். நெருங்கிய ஒருவரைக் கேட்பது இன்னும் நல்லது.

நாக்கு வழிப்பானைப் பின்னிருந்து முன்னாக, இரத்தம் கசியாத அளவுக்கு மென்மையாக இழுக்க வேண்டும். ஃபுளூரைடு பற்பசை கொண்டு காலையிலும் இரவு படுக்குமுன்னும் 2 நிமிடம் துலக்கி, பல்லிடுக்குகளை நூலாலோ சிறு பிரஷ்ஷாலோ சுத்தம் செய்ய வேண்டும். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் இரவுத் துலக்கலைத் தவறவிடலாகாது. கழற்றக்கூடிய பல்செட்டை இரவில் எடுத்துக் கழுவி வைக்க வேண்டும். வெயிலில் நடவிலும் அறுவடையிலும் நிற்பவர்கள் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடிப்பது அவசியம். சில ஒவ்வாமை, மனச்சோர்வு மாத்திரைகளும் வாயை உலர்த்தும். அவற்றைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வெற்றிலையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதனோடு சேரும் பாக்கு, புகையிலை இல்லாவிட்டாலும், வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும். புகையிலை நாற்றத்தையும் ஈறு நோயையும் சேர்த்தே வளர்க்கும்.

துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிந்தால் பல் மருத்துவரிடம் பற்காரையை, அதாவது பல்லில் படிந்து இறுகிப்போன அழுக்கை, நீக்கிக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் பல் ஆடிவிடும் என்று ஊரில் சொல்வார்கள். ஈறு நோயால் ஏற்கெனவே தளர்ந்த பல்லைக் காரைதான் பிடித்து வைத்திருந்தது போலத் தோன்றுவதே அந்தப் பேச்சுக்குக் காரணம். பல்லும் ஈறும் நன்றாயிருந்தும் நாற்றம் நீடித்தால் டான்சில் கற்களுக்காகவும் (தொண்டையின் இருபுறச் சதைக் குழிகளில் சேரும் கெட்டிப் படிவுகள்) சைனஸ் தொல்லைக்காகவும் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பார்க்கலாம். சர்க்கரை நோயாளியின் மூச்சில் அழுகிய பழ வாடையும், வாந்தியும், வேகமான மூச்சும் சேர்ந்து காணப்பட்டால் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.