தானாக வெடித்தது என்று சொல்வதற்கு முன்

பழைய 12 போர் ("போர்" என்பது குழல் அளவு) துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். கோயம்புத்தூரில் உரிமத்தோடு நடத்தும் சின்னப் பட்டறை. அந்தியூர், தாளவாடி, காரமடை, ஆனைமலைப் பக்கத்துத் தோட்டக்காரர்கள்தான் அதிகம் வருவார்கள். பாட்டன் காலத்து ஒற்றைக் குழலோ இரட்டைக் குழலோ உறையிலிருந்து எடுத்து மேசையில் வைப்பார்கள். சிலர் முகம் வெளிறிப்போய்ச் சொல்வார்கள்: "விசையைத் தொடவே இல்லைங்க, தானா வெடிச்சிருச்சுங்க."

அது உண்மையாகவும் இருக்கும். கழற்றிப் பார்த்தால் தேய்மானம் தெரியும். ஆனால் நான் அவர்களிடம் இரண்டு கேள்வி கேட்பேன். வெடித்தபோது குழல் எந்தப் பக்கம் இருந்தது? அந்த நேரத்தில் தோட்டா ஏன் உள்ளே இருந்தது? விசையை இழுக்கும் வரை வெடிக்காமல் பிடித்து நிறுத்தும் கொக்கி தேய்ந்தால், துப்பாக்கி வெடிக்கத்தான் செய்யும். குண்டு மண்ணில் போகிறதா, பேரப்பிள்ளை மேல் போகிறதா என்பது பிடித்திருப்பவர் கையில்தான் இருக்கிறது.

முதலில் துப்பாக்கியை நீங்களே சோதித்துப் பாருங்கள். திறந்து, தோட்டா அறையைக் கண்ணால் மட்டும் பார்க்காமல் விரல் விட்டும் தடவுங்கள். தோட்டாப் பெட்டி வேறு அறையில் இருக்கட்டும். குழலை ஆள் இல்லாத மண்மேட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு குதிரையை, அதாவது சுத்தியல் போல அடித்துத் தோட்டாவை வெடிக்க வைக்கும் பாகத்தை, தூக்கி நிறுத்துங்கள். விசையைத் தொடாமல் கட்டைவிரலால் குதிரையை முன்பக்கம் அழுத்துங்கள். அப்புறம் தோளில் வைக்கும் கட்டையின் அடியை ஒரு ரப்பர் பாயில் லேசாகத் தட்டுங்கள். இரண்டில் எதற்குக் குதிரை விழுந்தாலும், அதைப் பிடித்து நிறுத்தும் கொக்கி தேய்ந்துவிட்டது. அதில் இனித் தோட்டா போடக்கூடாது. அரம் வைத்து நீங்களே தேய்த்துச் சரி செய்யவும் கூடாது.

குழலை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். குழலின் பின்முனை உட்காரும் இடத்தில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தாலோ, உலுக்கினால் கடகடவென்று ஆடினாலோ, சுடாமல் அப்படியே பட்டறைக்குக் கொண்டு வாருங்கள்.

வெளியே குதிரை தெரியாத இரட்டைக் குழல் வைத்திருப்பவர்கள் சேப்டி பட்டனை மிகவும் நம்புகிறார்கள். அந்த வகைகள் பலவற்றில் சேப்டி விசையை மட்டும்தான் பூட்டும். உள்ளே இருக்கும் குதிரையைப் பூட்டாது. கொக்கி தேய்ந்திருந்தால், சேப்டி போட்டபடியே கீழே விழுந்தாலும் வெடிக்கலாம். அதனால் வேலி தாண்டும்போதும், இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடம்) வண்டியில் போகும்போதும், சாளைக்குள் (தோட்டத்து வீடு) நுழையும் முன்பும் தோட்டாவை வெளியே எடுத்துவிடுங்கள். குழலை மடக்கித் திறந்தபடி தோளில் போட்டு நடந்தால், எதிரே வருகிறவருக்கும் பார்த்ததுமே பயம் போய்விடும்.

தாளவாடிப் பக்கத்துத் துப்பாக்கிகளில் மார்கழி, தை மாதங்களில் ஒரே புகார் வரும்: விசையை அழுத்தினால் "டக்" என்று சத்தம் மட்டும்தான், வெடிப்பதில்லை. கழற்றினால், தோட்டாவைக் குத்தும் ஊசி வெளிவரும் துளையைச் சுற்றி வெள்ளையாக உறைந்திருக்கும், தேங்காய் எண்ணெய்! சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது கெட்டியாகிவிடும். ஊசி மெதுவாகப் போய் மெல்லக் குத்தும். தலைக்குத் தேய்க்கிற எண்ணெயைத் துப்பாக்கிக்குப் போடாதீர்கள். துப்பாக்கி எண்ணெயையே துணியில் தொட்டு, ஒரு படலம் போலத் தடவினால் போதும்.

அப்படி "டக்" என்று மட்டும் கேட்டால் உடனே திறக்கவே கூடாது. தோட்டாவின் வெடிமருந்து தாமதமாகப் பற்றிக்கொள்ளலாம். குழலை அதே திசையில் வைத்து அரை நிமிடம் பொறுங்கள். குழல் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி என்றால் ஒரு நிமிடமாவது பொறுக்க வேண்டும். தோட்டாத் துப்பாக்கியை அப்புறம் முகத்தை விலக்கிக்கொண்டு திறவுங்கள்.

இதைவிட மோசமானது, வழக்கமான வெடிக்குப் பதிலாக "புஸ்" என்று ஒரு சத்தம் வந்து, தோளில் உதையும் இல்லாமல் போவது. தோட்டாவுக்குள் மருந்துக்கும் ரவைக்கும் நடுவே இருக்கும் அடைப்பான், குழலின் பாதியில் நின்றிருக்கலாம். அதன் பின்னால் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும், இடது கை போகும். துப்பாக்கியைக் காலி செய்து, பின்பக்கமிருந்து வெளிச்சம் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. மாதக் கணக்கில் சுவரில் மாட்டியிருந்ததையும் இப்படிப் பார்த்துவிடுங்கள். குழலுக்குள் குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருக்கும். குழல் வெடிக்க அந்தக் கைப்பிடி மண்ணே போதும்.

தோட்டாவிலும் பொறுப்பு உங்களுடையதே. போர் எண் கூடினால் அளவு சிறியது; அதனால் 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கி இறங்கி நடுவே சிக்கிக்கொள்ளும். அறை காலியாகத் தெரியும். அதற்கு மேல் ஒரு 12 போர் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு அளவையும் ஒரே பையில் வைக்காதீர்கள். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 65 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். 70 மில்லிமீட்டர் தோட்டாவும் அதில் சுலபமாக உட்காரும். ஆனால் சுடும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். குழலின் அடியில் பொறித்திருக்கும் அளவைப் பாருங்கள். புரியாவிட்டால் கேளுங்கள்.

சட்டமும் இதைத்தான் பார்க்கிறது. உரிமம் வாங்கும்போதே பத்திரமாக வைப்பேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். கவனக்குறைவால் ஓர் உயிர் போனால் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. பழுது என்று தெரிந்தே தோட்டா போட்டவர் துப்பாக்கி மேல் பழி போட்டுத் தப்ப முடியாது. கல்யாணம், கோயில் நோம்பி என்று ஆளுக்கு ஆபத்தாகும்படி வானத்தைப் பார்த்துச் சுட்டாலும் ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. உரிமத்தில் பெயர் இல்லாத தோட்டத்து ஆளிடம் "பன்றி வந்தா ஒரு வெடி போடு" என்று கொடுத்துவிட்டு வருவதும் குற்றம். காட்டுப்பன்றியைச் சுட அனுமதி என்பது தனி விஷயம். துப்பாக்கி உரிமம் அதைத் தராது.

யாருக்காவது அடிபட்டிருந்தால் ஆஸ்பத்திரிக்கும் போலீசுக்கும் சொல்வதுதான் முதல் வேலை. துப்பாக்கியைக் கழற்றவோ துடைக்கவோ வேண்டாம். விசை தொடாமல் வெடித்ததா என்பதைத் தடய அறிவியல் துறை சோதித்துச் சொல்லும். நீங்கள் கை வைத்தால் உங்கள் பக்கத்துச் சாட்சியே அழிந்துவிடும்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால், திரும்பச் சுட்டுப் பார்க்காமல், காலி செய்து உரிமத்தோடு பட்டறைக்குக் கொண்டு வாருங்கள். வெடிக்காத தோட்டாவையும் தண்ணீர் தொட்டியிலோ கிணற்றிலோ வீசிவிடாமல், தனி டப்பாவில் வைத்துக் கொண்டு வாருங்கள். அதன் கேப்பில் (ஊசி குத்தும் அடிப்பக்கப் பொட்டு) ஊசித் தடம் லேசாக இருந்தால் குற்றம் ஸ்பிரிங்கிலோ எண்ணெயிலோ இருக்கும். தடம் ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் தோட்டாதான் கெட்டது. அந்தப் பெட்டியில் மிச்சம் இருப்பதையும் சுடாதீர்கள்.