ஓலை நறுக்கை மடித்து மரப் பூச்சாடிக்கு அளவு எடுக்கலாம்

சின்ன மரப் பூச்சாடி கடையத் தொடங்குகிறவர்களுக்கு உளி பிடிப்பதுதான் பெரிய கவலை. உளி பழகப் பழகக் கைக்கு வந்துவிடும். ஜாடி எடுப்பாக நிற்கிறதா, மந்தமாகத் தெரிகிறதா என்பதை முடிவு செய்வது அளவு விகிதம். அதற்கு நல்ல வழி காவிரிக் கரையிலேயே இருக்கிறது. சுவாமிமலை ஸ்தபதிகள் சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, அதை மடித்து, எந்த உறுப்பு எங்கே வர வேண்டும் என்று குறித்துக்கொள்கிறார்கள். உத்தம தசதாளம் என்ற சிலை அளவுமுறையில் சிலையின் உயரம் 124 அங்குலம். இங்கே அங்குலம் என்பது இஞ்ச் அல்ல, அந்தச் சிலையின் உயரத்திலேயே ஒரு பங்கு. நம் ஜாடிக்கு 3 பங்கு போதும்.

மரம் பூவரசாக இருந்தால் நல்லது. டெல்டாவில் வாய்க்கால் கரைக்குக் கரை நிற்கிறது, உள்வைரம் சாக்லேட் நிறத்தில் இருக்கும். நன்றாகக் காய்ந்த கட்டை வேண்டும். பச்சையாகக் கிடைத்தால் இரண்டு முனைகளிலும் மெழுகு பூசி நிழலில் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் முனையிலிருந்து வெடிக்கும்.

முதலில் 11 செ.மீ. சதுரமும் 18 செ.மீ. நீளமும் உள்ள கட்டையைக் கடைசல் இயந்திரமான லேத்தில் மாட்டி உருளையாக்குங்கள். நார் நீளவாக்கில் ஓட வேண்டும். முகம் முழுவதையும் மூடும் கவசம் கட்டாயம். ஒரு முனையில், கட்டையைக் கவ்விச் சுழற்றும் சக் பிடிக்கக் குமிழ் விடுங்கள்.

இப்போது ஓலை. ஜாடியின் உயரம் 15 செ.மீ. என்றால் அதே நீளத்துக்குப் பச்சை ஓலையை நறுக்கி, சமமாக மூன்றாக மடியுங்கள். காய்ந்த ஓலை மடிப்பில் ஒடிந்துவிடும். ஒரு பங்கு 5 செ.மீ. வயிற்றின் அகலம் இரண்டு பங்கு, அதாவது 10. அடிப்பாகம் ஒரு பங்கு. கழுத்து ஒரு பங்கில் பாதியைவிடச் சற்றுக் கூடுதலாக, 3.2 செ.மீ. வாய் கழுத்தைவிட அகலமாகவும் அடியைவிடக் குறைவாகவும் இருக்கட்டும், 4 சரியாக வரும். வயிறு கீழிருந்து முதல் மடிப்பில் வர வேண்டும். சரிபாதியில் வைத்தால் ஜாடிக்கு மேல் எது, கீழ் எது என்றே தெரியாது. கழுத்தின் இடம் வாயிலிருந்து அரைப் பங்கு கீழே.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: கட்டையில் வெடிப்பு தெரிந்து 12 செ.மீ.தான் தேறுகிறது என்றால் கணக்குப் போட்டுத் தடுமாற வேண்டாம். ஓலையை 12-க்கு நறுக்கி மறுபடி மடித்தால் எல்லா அளவும் தானாகச் சுருங்கிவிடும்.

மடிப்புகளைப் பென்சிலால் உருளையில் குறித்து, வாய்ப்பக்கத்திலிருந்து துளை போடுங்கள். 15 மி.மீ. கண்ணாடிச் சோதனைக் குழாய் இறங்க 16 மி.மீ. துளை, 15 செ.மீ. ஜாடிக்கு 12 செ.மீ. ஆழம். பூவுக்குத் தண்ணீர் அந்தக் குழாயில்தான், மரத்தில் படாது. துளை முடிந்த பிறகே கழுத்தை ஒடுக்குங்கள். முதலிலேயே மெலிந்த கழுத்து பிட்டின் அழுத்தத்தைத் தாங்காது.

தடிமன் அளக்கும் காலிபரை வைத்து வயிறு, கழுத்து, வாய் மூன்றையும் அளவுக்கு இறக்கிவிட்டு, இடையிலுள்ள மரத்தைக் குழிவான உளியால் எடுங்கள். எப்போதும் அகலத்திலிருந்து ஒடுக்கத்தை நோக்கித்தான் உளி இறங்க வேண்டும், எதிர்த்துப் போனால் நார் பிய்ந்துகொள்ளும். அடிப்பாகத்தை மட்டும் கடைசி வரை 7 செ.மீ. தடிமனில் விட்டுவைத்தால் கட்டை ஆடாது.

அப்புறம் லேத்தை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு விரலை மேலிருந்து கீழே ஓட்டுங்கள். தட்டையான இடம் கண்ணுக்குத் தப்பும், விரலுக்குத் தப்பாது. படுத்திருக்கும் ஜாடி கண்ணை ஏமாற்றும் என்பதால், சக்கோடு சேர்த்துக் கழற்றி நிமிர்த்தி வைத்து, பின்னால் வெள்ளைத் தாள் பிடித்தும் பாருங்கள்.

அடிப்பாகத்தில் நாச்சியார்கோயில் குத்துவிளக்கை அப்படியே பின்பற்றாதீர்கள். அங்கே மேலே எண்ணெய்த் தட்டின் கனம் இருக்கிறது, அதனால் அகன்ற பாதம் தேவை. நம் ஜாடிக்கு ஒரு பங்கு போதும். அடியை நடுவில் லேசாகக் குழித்துவிட்டால் விளிம்பில் ஆடாமல் நிற்கும்.

உப்புத்தாளால் தேய்த்து, தேன்மெழுகு பூசித் துணியால் மெருகேற்றுங்கள். அடுத்த கட்டையில் அதே ஓலையைத் தலைகீழாகப் பிடித்து, வயிற்றை மேல் மடிப்பில் வைத்து ஒன்று கடைந்து பாருங்கள். தோள் அகன்ற ஜாடி கிடைக்கும். கழுத்துக்கு இடம் குறைவு என்பதால் அதில் வளைவை நிதானமாக இறக்க வேண்டும்.